நான்கு நொடி வீடுகள்

தெருவில் பன்னிரண்டு பேருந்துகள் எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தன. மூன்றாம் மாடியில் அவளுடைய மேசைக்குப் பக்கத்து ஜன்னல் கண்ணாடி அந்த உறுமலுக்கு மெல்ல அதிர்ந்தது. பதினோரு மணிக்குக் கூட்டம். அதில் அவள் ஓர் எண்ணைச் சொல்வாள். வேட்பாளர் தலையசைப்பார். கிழக்குப் பகுதியில் இதுவரை வீடு வீடாகப் போய்வந்த அறுநூறு தொண்டர்களும் அந்தப் பேருந்துகளில் தெற்குக்குக் கிளம்பிவிடுவார்கள். எண் அறுபத்தொன்று. கிழக்கில் நூற்றுக்கு அறுபத்தொரு வீடு நம் பக்கம், அங்கே இனி வேலை இல்லை என்று அதற்கு அர்த்தம். வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் இருந்தது.

போன தேர்தலில் அவள் இதே கட்சியின் கணினிப் பிரிவில் பத்தோடு பதினொன்றாக இருந்தாள். தோற்றதும் அந்தப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் நல்ல வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டார். எங்கே தப்பு நடந்தது என்று எழுபது பக்கம் எழுதிக்கொடுத்தது அவள்தான். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் இந்த முறை தொழில்நுட்பப் பிரிவு முழுவதையும் அவளிடம் கொடுத்தார்கள். தொண்டர்கள் கையில் இருக்கும் செயலியை அவளே முன்னின்று செய்தாள். இதில் ஜெயித்தால் அடுத்து நாடு முழுவதற்கும் அவள்தான் என்று பிரசாரப் பொறுப்பாளர் வாக்குக் கொடுத்திருந்தார். எதற்கெடுத்தாலும் விளையாட்டு மைதானத்தில் நிற்பதுபோலக் கத்துவதால் அவருக்கு 'கோச்' என்று பெயர்.

பத்தே கால் மணிக்கு அவளுடைய நாத்தனார் உள்ளே வந்தாள். அவளும் தொண்டர்களில் ஒருத்தி.

"அண்ணி, சார்ஜர் குடுங்க. என் போன் உயிரை விட்டுடுச்சு."

"இன்னும் பஸ்ல ஏறலையா நீ?"

"ஏறிட்டுத்தான் இறங்கி வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி பாடறா. தெற்கு வரைக்கும் என் காது தாங்காது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நேத்து நூத்தி நாப்பது வீடு முடிச்சியாமே. கோச் உன்னைப் பத்தியே பேசிட்டிருந்தார்."

"பாதி வீடு பூட்டிக் கிடந்தா நூத்தி நாப்பது என்ன, இருநூறுகூட முடிப்பேன்."

"பூட்டின வீட்டுக்கு என்ன போடற?"

"என்னத்தப் போடறது? 'அடுத்து'ன்னு அமுக்கிட்டுப் போயிட்டே இருப்பேன். எல்லாரும் அப்படித்தான்."

அவள் மேசையிலிருந்த தன் போனில் செயலியைத் திறந்தாள். ஏதோ ஒரு வீட்டின் எண் வந்தது. கீழே மூன்று பொத்தான்கள்: நம் பக்கம், எதிர்ப் பக்கம், முடிவாகவில்லை. அதில் முதல் பொத்தான் யாரும் தொடாமலே பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. வீடு பூட்டியிருந்தால் குறிக்கும் இடம் இன்னொரு திரையில், கீழே தள்ளிப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன்னால், விரல் வலிக்கிறது என்று தொண்டர்கள் புலம்பியபோது, முதல் பொத்தானை முன்கூட்டியே போட்டு வைக்கச் சொன்னது அவள்தான். அன்று வேறொரு போன் பேச்சுக்கு நடுவே, மூன்று நிமிடத்தில் எடுத்த முடிவு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தட்டல் மிச்சம் என்று அதற்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டதும் நினைவிருந்தது.

"ஏன் அண்ணி, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?"

அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு வீட்டுக்கான திரையிலும் தொண்டர் எத்தனை நொடி இருந்தார் என்பதைச் செயலி குறித்து வைத்துக்கொள்ளும். வணக்கம் சொல்லி ஒரு கேள்வி கேட்கவே அரை நிமிடம் வேண்டும். கிழக்கில் முப்பதாயிரம் வீடு. நம் பக்கம், பதினெட்டாயிரத்து முந்நூறு. அதில் நான்கு நொடிக்குள் முடிந்தவை எத்தனை என்று கேட்டாள். திரை ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு காட்டியது: ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்.

அவற்றைக் கழித்தால் அறுபத்தொன்று முப்பத்தெட்டு ஆனது. இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். பிறகு அந்த ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் முகவரிகளையும் தனிப் பட்டியலாக இறக்கிக்கொண்டாள்.

கூட்ட அறை வாசலில் கோச்சைப் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்கக் கேட்கக் குரலைத் தாழ்த்திக்கொண்டே வந்தார். அவர் தணிந்த குரலில் பேசி அவள் அதுவரை கேட்டதில்லை.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"இப்போதைக்கு நமக்கு மட்டும்."

"அப்போ தெரியவே வேண்டாம். இன்னைக்கு சாயங்காலம் தெற்குல வேட்பாளர் மேடை ஏறணும். ஆள் இல்லாம என்ன பண்ணுவார்? ஜெயிச்சா இதை யாரும் தோண்ட மாட்டாங்க. நீயா போய்த் தலையைக் குடுக்காதே."

"கிழக்கு கையை விட்டுப் போயிடும் சார்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "சரி, சொல்லித்தான் ஆகணும்னா, தொண்டர்கள் ஒழுங்கா போடலைன்னு சொல்லு. அறுநூறு பேரு. யாரைப் பிடிச்சுக் கேக்கப் போறாங்க? உன் பேரும் தப்பிச்சுடும்."

கோச் கெட்டவரில்லை. போன தடவை தோற்றபோது, எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போனவர். அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது. தொண்டர்கள் சரியாகத்தான் போடவில்லை. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டே அறைக்குள் போய்விடலாம்.

வேட்பாளரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையிலேயே டாக்டர். தெற்கின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் உட்காருவதற்குள்ளேயே கேட்டார்.

"கிழக்கு அப்படியேதானே? அறுபத்தொண்ணு?"

"இல்ல சார். முப்பத்தெட்டு."

பேனாவைக் கீழே வைத்தார். "ஒரே ராத்திரியில இருபத்தி மூணு எங்க போச்சு?"

"எப்பவுமே இல்ல சார். பூட்டியிருந்த வீடெல்லாம் நம்ம கணக்குல விழுந்திருக்கு."

கோச் முந்திக்கொண்டார். "தொண்டர்கள் கொஞ்சம் அவசரத்துல..."

"அவங்க மேல தப்பில்ல," என்றாள். "எதையும் தொடலைன்னா நம்ம பக்கம்னு விழற மாதிரி செயலியை வெச்சது நான்."

கீழே ஒரு பேருந்து ஹாரன் அடித்தது.

"ரெண்டு மாசமா இந்த நம்பரை நான் மேடையில சொல்லிட்டு வர்றேன்மா," என்றார் டாக்டர். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. "எத்தனை வீடு?"

"ஆறாயிரத்துத் தொள்ளாயிரம். பட்டியல் தயாரா இருக்கு. ஆளுக்குப் பன்னெண்டு வீடு வரும்."

"அப்போ தெற்கு?"

டாக்டர் வரைபடத்தை மடித்தார். அது பழைய மடிப்புக்கு வராமல் முரண்டு பிடித்தது. அப்படியே சுருட்டி ஓரமாக வைத்தார். "பஸ்ஸை அணைக்கச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் கோச் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "இனிமே எந்த நம்பரா இருந்தாலும் உங்க உதவியாளர் வந்து சொல்லட்டும், மேடம். மத்ததைத் தேர்தல் முடிஞ்சு பேசிக்கலாம்." தனியாக இருக்கும்போது அவர் அவளை மேடம் என்று அழைத்ததில்லை.

தன் இடத்துக்குப் போனாள். திரையில் அவளுடைய பெயருக்கு நேரே நுழைய அனுமதி இல்லை என்று வந்தது. அவ்வளவு சீக்கிரம். பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். வாசலில் நாத்தனார் பட்டியல் தாள்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒண்ணு குடு."

"உங்களுக்கா? நீங்க எதுத்த வீட்டுக்காரங்ககிட்டயே பேச மாட்டீங்களே அண்ணி."

"குடுடி."

அவளுக்கு வந்த பன்னிரண்டு வீடுகளும் கிழக்கில் ஒரே ஐந்து மாடிக் கட்டடத்தில் இருந்தன. லிஃப்ட் ஓடவில்லை. மதிய நேரம், படிகளில் ஆள் நடமாட்டமே இல்லை. நாத்தனார் இரண்டு மாடி கூடவே ஏறி வந்து வழி சொல்லிவிட்டுப் போனாள்: "பெல் அடிச்சிட்டு ரெண்டடி பின்னால தள்ளி நில்லுங்க. மூஞ்சி முழுசா தெரியணும். சிரிச்சா நல்லது, வரலைன்னா விட்டுடுங்க."

முதல் மூன்று வீடுகளில் பதிலே இல்லை. மூன்றுக்கும் நேரே பூட்டு என்று கையால் எழுதினாள். நான்காவது கதவின் பச்சை வண்ணம் பிடியைச் சுற்றித் தேய்ந்து மரம் தெரிந்தது. பக்கத்தில் ஈரக் குடை ஒன்று விரித்துக் காயப்போட்டிருந்தது. அழைப்புமணியை அழுத்தினாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். பாதிக்கு மேல் மறந்துபோயிருந்தது.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். பிறகு செருப்பு தேயும் சத்தம், அவசரமில்லாமல், கதவை நோக்கி. அவள் இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள். கதவின் நடுவிலிருந்த சிறிய கண்ணாடித் துளையில் வெளிச்சப் புள்ளி ஒன்று தெரிந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து யாரோ கண்ணை வைத்துப் பார்க்க, அது மறைந்து இருண்டது. அப்படியே இருந்தது.