கோபிப் பாலையிலேயே சுத்தமான கண்ணாடி

சோத்னம் ஓட்டிய பழைய ருஷ்ய வேனுக்கு இருந்த மாதிரி ஒரு முன்கண்ணாடி கோபிப் பாலைவனத்தில் வேறு எந்த வண்டிக்கும் கிடையாது. ஒரு நாளைக்கு இருபது தடவை வண்டியை நிறுத்துவார், இறங்குவார், இடுப்பில் செருகியிருக்கும் துணியை உருவி வெளியே ஒரு துடைப்பு, உள்ளே ஒரு துடைப்பு. ஏறி உட்கார்ந்து முன்னால் உற்றுப் பார்ப்பார். "என்ன தூசிடா சாமி" என்று சலித்துக்கொண்டே கிளப்புவார். பயணிகள் கருத்து எழுதிவிட்டுப் போகும் நோட்டில் அவருடைய சுத்தத்தைப் பற்றி மட்டும் மூன்று பாராட்டுகள் இருந்தன.

கண்ணாடியில் தூசி இல்லை. அவருடைய கண்ணில்தான் புரை வளர்ந்திருந்தது, இரண்டு கண்ணிலும். வண்டிக்கு முன்னால் ஐம்பது அடி தெரியும். அதற்கு அப்பால் பாலைக் கொட்டினாற்போல ஒரே வெளுப்பு. கோபியில் சாலை என்று ஒன்று கிடையாது. தடங்கள் உண்டு, ஒன்று இருபதாகப் பிரியும். எந்தத் தடம் எங்கே போகிறது என்பதைத் தூரத்து மலைகளின் தோளையும் முதுகையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் அப்படித்தான் ஓட்டினார். இப்போது மலையையே காணோம்.

யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொன்னால் சுற்றுலா நடத்தும் முதலாளியம்மா மறுநாளே சாவியை வாங்கிவிடுவாள். அறுபத்திரண்டு வயதில், ஸ்டீயரிங் இல்லாமல் இந்த இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது? இந்தக் கோடையை எப்படியாவது ஒப்பேற்றிவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார். இது அந்தக் கோடையின் கடைசிப் பயணம். அதில் நான்காவது நாள்.

பக்கத்துச் சீட்டில் யாஞ்மா. சமையல் அவள்தான். பதினொரு கோடையாக அதே சீட்டு. அதற்கு முன் கொரியாவில் ஓர் ஊறுகாய்த் தொழிற்சாலையில் எட்டு வருஷம் இருந்தாள். கடைசி மூன்று வருஷம் அவர்களுடைய சரக்கு லாரியையும் ஓட்டினாள். "தார் ரோட்டுல ஓட்டறதெல்லாம் ஓட்டறதா? அது உருட்டறது" என்பார் சோத்னம். கொரியப் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, அதனால் மொழிபெயர்ப்பும் அவள் தலையில்.

பின்சீட்டில் கொரியாவின் பூசான் நகரத்துப் பியோவும் அவர் மனைவியும். பியோ ரயில்வேயில் முப்பது வருஷம் நேர அட்டவணை தயாரித்து ஓய்வுபெற்றவர். அவருடைய கைபேசி இரண்டாம் நாளே ஆட்டுக்கறி சூப்பில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். அரை மணிக்கு ஒரு தடவை முன்னால் குனிந்து அதைக் கொரிய மொழியில் கேட்பார்: இன்னும் எத்தனை மணி நேரம்?

கிளம்பின வண்டி எப்போது போய்ச் சேரும் என்று எங்கள் மங்கோலியாவில் வாய் திறந்து கேட்கக் கூடாது. கேட்டால் சேராது. இதைக் கொரியாக்காரருக்குச் சொல்லி விளங்கவைக்க யாஞ்மாவுக்குப் பொறுமை இல்லை.

"என்ன கேக்கறாரு?" என்பார் சோத்னம்.

"நீங்க நல்லா ஓட்டறீங்களாம்."

"அப்படியா? மறுபடியுமா?"

"அவருக்கு மனசு அடங்கல போல."

சோத்னம் நிமிர்ந்து உட்காருவார். பியோவிடம் திரும்பி, டிரைவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று யாஞ்மா கொரிய மொழியில் சொல்லிவைப்பாள்.

இந்தப் பயணத்தில் யாஞ்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றியிருந்தது. பின்னால் திரும்பிக் கொரியாக்காரர்களுக்கு வழி நெடுக வேடிக்கை காட்டினாள். அதுவும் மங்கோலிய மொழியில்.

"பாருங்க பாருங்க, வலப்பக்கம் தூரத்துல ஒத்தை மரம், நீலத்துணி கட்டியிருக்கு. நம்ம தடம் அதுக்கு இந்தப் பக்கமா போகுது. அடேயப்பா, நடுவுல ஒரு பள்ளம் பாருங்க, ஆளை முழுங்கிடும்!"

பியோவும் மனைவியும் ஒன்றும் புரியாமல் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். சோத்னம் வண்டியை மரத்துக்கு இந்தப் பக்கமாகத் திருப்புவார், பள்ளத்துக்கு முன்னால் பிரேக்கை மிதிப்பார். இந்த அம்மாவுக்கு வயசாகிவிட்டது, யாரிடம் எந்தப் பாஷையில் பேசுகிறோம் என்றே தெரியவில்லை, பாவம் என்று அவருக்கு இரக்கமாகக்கூட இருந்தது. ஆனால் தடுக்கவில்லை. கேட்க வசதியாக இருந்தது.

இப்போது மலை விஷயத்துக்கு வருவோம். ஒரு மலை கண்ணெதிரே நிற்கும்போது அதன் பேரைச் சொல்வது பெரிய மரியாதைக் குறைவு. மலை கோபித்துக்கொள்ளும், கோபத்தை வானத்திலிருந்து காட்டும். எதிரே நிற்பது எந்த மலையானாலும் "ஹைர்ஹான்" என்று பொதுவாகப் பணிந்து சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கருணையுள்ளவரே என்று அர்த்தம். நானும் நீங்களும் இப்போது இருக்கும் இடத்திலிருந்து இரண்டுமே தெரியாது என்பதால் தைரியமாகச் சொல்லுகிறேன்: கிழக்கே நிற்பவர் சின்ன போக்த், மேற்கே நிற்பவர் பெரிய போக்த். இரண்டுக்கும் நடுவே புகுந்து போனால் அன்று போய்ச் சேர வேண்டிய ஏரி. சின்னவரை வலப்பக்கம் விட வேண்டும், பெரியவரை இடப்பக்கம் விட வேண்டும். பிசகிச் சின்னவரை இடப்பக்கம் விட்டுப் போனால் தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கிணறு கிடையாது. வண்டியில் அரை டாங்க் பெட்ரோலும் ஒரு கேன் தண்ணீரும் இருந்தன.

அன்று காலை பத்து மணிக்கு வலப்பக்கம் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. சின்னவர் வந்துவிட்டார் என்று சோத்னம் வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, தலை வணங்கினார். அது மேகம். யாஞ்மா ஒரு நிமிஷம் மேகத்தைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் சோத்னத்தைப் பார்த்தாள், பிறகு தானும் வணங்கினாள். பியோவும் எழுந்து வணங்கினார். பியோவின் மனைவி அதைப் படம் எடுத்தாள்.

ஆக, மத்தியானம் உண்மையான சின்னவர் முன்னால் எழுந்தபோது, சோத்னத்தின் கணக்கில் சின்னவர் தாண்டியாயிற்று.

"அங்க தெரியறது யாரு?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"ஹைர்ஹான்."

"அது தெரியாதா எனக்கு? எந்த ஹைர்ஹான்?"

"முன்னாடி நிக்கறவரு."

"ஆள் எப்படி இருக்காரு இன்னிக்கு?"

யாஞ்மா யோசித்தாள். சின்னதாக இருக்கிறார் என்றால் பேரைச் சொன்ன மாதிரி. பெரிதாக இருக்கிறார் என்றால் பொய். "நல்லா இருக்காரு" என்றாள்.

வழியில் ஒரு கூடாரம் வந்தது. ஒட்டகம் மேய்ப்பவருடையது. வழி கேட்பதென்றால் எடுத்த எடுப்பில் கேட்க முடியுமா? உப்புப்போட்ட பால் தேநீர் ஆளுக்கு மூன்று கிண்ணம், ஒட்டகங்களின் உடம்பு சௌக்கியம், மழை, புல், இரண்டு உலர்ந்த தயிர்க்கட்டி. முக்கால் மணி நேரம் கழித்து ஒட்டகக்காரர் கையை நீட்டிச் சொன்னார்:

"நேரா போங்க, ஹைர்ஹான் வருவாரு. அவரைத் தாண்டினா ஹைர்ஹான். ரெண்டாவது ஹைர்ஹானுக்கு அந்தாண்ட ஏரி."

கண் தெரிகிறவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் வழி சொல்ல முடியாது. "ரொம்பத் தெளிவு" என்று எழுந்தார் சோத்னம்.

இரண்டு மணிக்குத் தடம் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கத் தடம் மலைகளுக்கு நடுவே போகிறது, வலப்பக்கத் தடம் கிணறில்லாத வெளிக்குப் போகிறது. யாஞ்மா அவசரமாகப் பின்னால் திரும்பினாள்.

"பாருங்க, தடம் ரெண்டாப் பிரியுது! நாம இடப்பக்கமா போகப்போறோம். இடப்பக்கம் எவ்வளவு அழகா இருக்கு பாருங்க!"

பியோ தலையாட்டினார்.

"விருந்தாளிங்களுக்குத் தப்பாச் சொல்லாதே" என்றார் சோத்னம். "வலப்பக்கம்தான். ஹைர்ஹானை இடது கைப்பக்கம் விட்டுத்தான் ஏரிக்குப் போகணும். முப்பத்து நாலு வருஷம் ஓட்டினவன் நான். நீ சூப்பைப் பாரு."

சொன்னாரே ஒழிய வண்டியைக் கிளப்பவில்லை. இறங்கிப்போய்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். துணிக்கு இந்தப் பக்கம் யாஞ்மா உட்கார்ந்திருந்தாள். அவர் முகம் அவளுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. மலை நிற்கும் பக்கம் திரும்பி, கண்ணை இடுக்கி, மலைக்குப் பக்கத்தில் இருந்த வெறும் ஆகாசத்தை அவர் தேடிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு இரண்டு வழி இருந்தது. உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று அந்த மனுஷனிடம் சொல்லலாம். அல்லது மலையைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். மனுஷன் தாங்க மாட்டான், மலை தாங்கும் என்று அவளுக்குப் பட்டது.

சோத்னம் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகியதும் மலையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அது சின்ன போக்த்."

கொரியாக்காரர்களுக்கு விஷயம் புரியாவிட்டாலும் ஏதோ நடக்கக்கூடாதது நடந்துவிட்டது என்று புரிந்தது. சோத்னத்தின் கை சாவியிலேயே நின்றது. என்ன காரியம் செய்தாய் என்று அவளைத் திட்டுவதா, காலையில் யாரைக் கும்பிட்டோம் என்று யோசிப்பதா என்று தெரியாமல், வண்டியை இடப்பக்கத் தடத்தில் திருப்பினார்.

சின்னவர் இருபது நிமிஷம் பொறுத்தார். அப்புறம் ஆலங்கட்டி. முதலில் சுண்டைக்காய் அளவு, பிறகு எலுமிச்சை அளவு. வேனின் கூரை தமுக்கு மாதிரி முழங்கியது. மூன்றாவது நிமிஷத்தில் ஒரு கட்டி நேராக முன்கண்ணாடியில் இறங்க, கோபியிலேயே சுத்தமான அந்தக் கண்ணாடி மொத்தமாக நொறுங்கி இரண்டு பேர் மடியிலும் கொட்டியது. யாருக்கும் பெரிய காயம் இல்லை. பியோவின் மனைவி ஒரு கட்டியை எடுத்துக் கிண்ணத்தில் பத்திரப்படுத்தினாள்.

மழை விட்டது, வெயில் வந்தது. கண்ணாடிச் சில்லை எல்லாம் வழித்துப் போட்டுவிட்டு சோத்னம் சீட்டில் உட்கார்ந்தார். முன்னால் பார்த்தார். ஒரே வெளுப்பு. பழக்க தோஷத்தில் துணியை உருவிக் கையை நீட்டினார். கை பாட்டுக்கு வெளியே போயிற்று.

நீட்டிய கையை அவர் உடனே உள்ளே இழுக்கவில்லை.

"யாஞ்மா."

"சொல்லுங்க அண்ணே."

"கண்ணாடி போயிடுச்சு. ஆனா தூசி போகலை."

"தெரியும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன பயணத்துல ஒரு ஒட்டகத்துக்கு வழி விட்டு நிறுத்தினீங்களே, அது பாறை. அன்னிலேர்ந்து."

சோத்னம் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். பியோ தம்பதிகள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். மங்கோலிய மொழியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத இரண்டு பேர். அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப, நாலு நாளா நீ வேடிக்கை காட்டினது..."

"வேற யாருக்கு? அவங்களுக்கா? அவங்களுக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே!"

வெட்கத்தில் அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. பிறகு கண் கலங்கிற்று. தெரியாத கண்ணுக்கு அழ மட்டும் தெரிந்தது. நான்கு உயிரை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு விளையாடியிருக்கிறோம் என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என் மாமியாருக்குப் போன வருஷம் ஆபரேஷன் பண்ணாங்க" என்றாள் யாஞ்மா. "இருபது நிமிஷம்தான். இப்ப அந்தக் கிழவி என் சமையல்ல ஒரு முடி விடாம கண்டுபிடிக்கிறா. நிம்மதியே போச்சு."

"சாவியை முதலாளியம்மா திருப்பித் தருவாளா?"

"தெரியாது அண்ணே. பொய் சொல்ல மாட்டேன்."

சோத்னம் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். அப்புறம் இறங்கினார். வண்டியின் மூக்கைத் தடவிக்கொண்டே சுற்றி நடந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்தார். "தள்ளி உக்காரு" என்றார். "மணல்ல கிளட்ச்சைப் பட்டுனு விடாதே. இது ஒண்ணும் ஊறுகாய் லாரி இல்ல."

பியோவின் கறுப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு யாஞ்மா ஓட்டினாள். எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. வலப்பக்கம் சின்னவர் மெள்ள நகர்ந்து போனார். இந்தத் தடவை நால்வரும் சரியான இடத்தைப் பார்த்து வணங்கினார்கள். சோத்னம் கையை முழங்காலில் வைத்தார், மார்பில் கட்டினார், கடைசியில் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். மேடு வந்தது, பள்ளம் வந்தது. தடம் முடிகிறதா தொடர்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, வாய் அவரையும் மீறித் திறந்துகொண்டது.

"யாஞ்மா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

பியோ ஆவலாக முன்னால் குனிந்தார். டிரைவர் என்ன சொல்கிறார் என்று கொரிய மொழியில் கேட்டார்.

யாஞ்மா தடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்:

"நான் நல்லா ஓட்டறேனாம்."