ஒரு பல் தள்ளி மாட்டிய லீவர்

தோட்டத்துச் சரிவில் வண்டியோடு விழுந்த அண்ணனின் காலில் மாவுக்கட்டு ஏறி இரண்டாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பார்த்த வேலையை அண்ணிக்கே தருவதாகப் பழத்தோட்டத்து சூப்பர்வைசர் சம்மதித்ததே பெரிய விஷயம். மேல் சரிவில் பறிக்கிற பழத்தைப் பெட்டி பெட்டியாக அடுக்கி, நாலு சக்கர மோட்டார் வண்டியில் கீழே கொட்டகைக்கு இறக்க வேண்டும். அந்தத் தடித்த டயர் வண்டிக்குத் தோட்டத்தில் எல்லாரும் வைத்திருந்த பெயர் கழுதை. மறுநாள் காலையிலிருந்து கழுதை அண்ணியின் பொறுப்பு.

அன்று மதியம் பழகிப் பார்க்கப் போனவள், முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள். கருவிக் கொட்டகையில் பம்பு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இதுல பிரேக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்ல சும்மா பேருக்கு வச்சிருக்கானா?"

"ஏன் அண்ணி?"

"மிதிச்சா நம்ம கால்தான் கீழ போகுது. அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு. உங்கண்ணன்கிட்ட சொன்னா, பிரேக் கல்லு மாதிரி இருக்கு, உனக்குத்தான் பயம்ங்கறாரு."

தம்பிக்கு எதையும் மோசமாகவே நினைத்துப் பார்க்கிற மனசு. யாராவது ஒரு தடவை ஃபோனை எடுக்காவிட்டால் மனசுக்குள்ளேயே ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பிவிடுவான். பெட்டிகளோடு அண்ணி சரிவில் இறங்குவதை நினைத்ததுமே, பம்பை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான்.

பெடலைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணியை வண்டியைத் தள்ளச் சொன்னான். அண்ணி ஒன்றும் பெரிய பலசாலி இல்லை. வண்டி நகர்ந்தது.

பிரேக் கேபிள் தளர்ந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தான். பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் குனிந்து, கேபிள் நுனியில் இருந்த நட்டை இரண்டு சுற்று முறுக்கினான். பெடல் கொஞ்சம் இறுகியது. "இப்ப தள்ளுங்க." மறுபடி நகர்ந்தது. பின்சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்திருந்தாலும் பிடிக்காது. பெடலை லேசாக மிதித்தபடியே முற்றத்தில் நாலு சுற்று ஓட்டி, சூட்டில் காயவிட்டான். அதற்கும் மசியவில்லை. முன்பிரேக் இருந்தது, ஆனால் சுமையோடு இறங்கும்போது வண்டியை நிறுத்துவது பின்னால் இருக்கிற அந்த ஒரே டிரம்தான்.

வெளியே டிரம்மின் மேல் ஒரு சின்ன முள்ளும் ஒரு கோடும் உண்டு. பிரேக்கை மிதிக்கும்போது அது கோட்டைத் தாண்டினால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணியை மிதிக்கச் சொல்லிப் பார்த்தான். முள் கோட்டுக்குள் நல்ல பிள்ளையாக நின்றது.

"இதத்தான் அவரும் சொல்றாரு," என்றாள் அண்ணி. "தினமும் காலையில முள்ளப் பாத்துட்டுத்தான் வண்டியவே எடுப்பாராம்."

"அண்ணன் பொய் சொல்லல அண்ணி. முள்ளுதான் பொய் சொல்லுதோ என்னவோ."

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுத்தியலால் சுற்றித் தட்டி இழுத்தான். கறுப்புத் தூள் கொட்டியது. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற இரண்டு பிரேக் ஷூக்களிலும், உரசித் தேய்கிற லைனிங் காகிதம் போல ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் அதுவும் இல்லை, வெறும் இரும்பு. ஷூக்களை விரித்துத் தள்ளுகிற கேம், திரும்பித் திரும்பிக் கடைசி வரை வந்து படுத்துவிட்டிருந்தது. இனி எவ்வளவு மிதித்தாலும் தள்ள அதனிடம் ஒன்றும் இல்லை.

அப்புறம் ஏன் முள் கோட்டுக்குள் நிற்கிறது? துணியால் துடைத்துப் பார்த்தான். கேபிள் இழுக்கிற லீவரிலும், அது மாட்டியிருக்கிற பல் பல்லான தண்டின் நுனியிலும் ஆளுக்கொரு புள்ளி குத்தியிருந்தது. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நிற்கவில்லை. யாரோ லீவரைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தார்கள். முள் லீவரோடு சேர்ந்தது. அதுவும் கூடவே பின்னால் தள்ளிப்போயிருந்தது; அதனால்தான் எவ்வளவு தேய்ந்தாலும் கோட்டைத் தாண்டவில்லை.

அந்த வண்டியைத் தொடுகிற ஆள் ஒருவன்தான்.

தம்பி ஒரு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அண்ணி பின்னாலேயே வந்தாள். அறையில் அண்ணன் தலையணையில் காலைத் தூக்கி வைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, இன்ஜினியரு? உங்க அண்ணி பயத்துக்கு ஸ்பேனர் கெடச்சுதா?"

"அண்ணா, பின்னாடி லீவர நீ கழட்டுனியா?"

"ஆமா. நட்டு முழுக்க ஏறிப்போச்சு, அதுக்கு மேல முறுக்க எடமில்ல. ஒரு பல்லு தள்ளிப் போட்டேன். பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சு. எல்லாரும் பண்றதுதான?"

"முள்ளும் சேந்து தள்ளிடுச்சுண்ணா."

தம்பி ஷூவை நீட்டினான். அண்ணன் வாங்கி, கட்டைவிரலால் அதன் வளைவில் தடவிக்கொண்டே போனான். இரும்பு வந்த இடத்தில் விரல் நின்றது.

"அப்ப அன்னிக்கு..."

"புல்லு ஈரமெல்லாம் இல்லண்ணா."

ஈரப் புல்லில் வண்டி சறுக்கிவிட்டது என்றுதான் இத்தனை நாளும் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். சொல்லிச் சொல்லி அவனே நம்பியிருந்தான்.

"புது ஷூ எப்ப வரும்?"

"ரெண்டு மூணு நாளாவது ஆகும்."

"அதுவரைக்கும் அந்த சூப்பர்வைசரு சும்மா இருக்க மாட்டான்டா. வேலைய வேற எவனுக்காவது தூக்கிக் குடுத்துருவான்." அண்ணன் குரல் இறங்கியது. "நாளைக்கு ஒரு நாள், பாதிப் பெட்டி வச்சு, மெதுவா கியர்லயே..."

அவன் முடிக்கவில்லை. அண்ணி கதவருகிலேயே நின்றாள். தம்பி பதறிப்போய் வாயைத் திறந்தான். அண்ணி கையைக் காட்டி அவனை அடக்கினாள்.

"நீங்க சொல்லுங்க," என்றாள் புருஷனிடம். "போன்னா போறேன்."

அண்ணன் ஷூவைத் திருப்பினான். திருப்பி வைத்தான்.

"ஃபோன எடு."

சூப்பர்வைசர் உடனே எடுத்துவிட்டார். அண்ணன் படுத்தபடியே பேசினான். "சார், நாளைக்கு அவ வரமாட்டா... இல்ல சார், உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிரேக் செத்துப்போச்சு. நான்தான் லீவர மாத்திப் போட்டு வச்சிருந்தேன்... ஆமா சார், நான்தான். வேற ஆளு போட்டாலும் போடுங்க, ஆனா அந்த வண்டியில மட்டும் ஏத்தாதீங்க. என் தம்பி சக்கரத்தக் கழட்டிப் போட்டிருக்கான், திரும்ப மாட்ட மாட்டான்."

அந்தப் பக்கத்திலிருந்து வெகுநேரம் சத்தம் வந்தது. அண்ணன் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். வேலை போனதா இருக்கிறதா என்று அவன் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. "சரி சார்" என்று வைத்தான்.

"என்ன சொன்னாரு?"

"ஷூ வரட்டும், அப்புறம் பாக்கலாம்னாரு." பிறகு அண்ணியைப் பார்த்தான். "மத்தியானம் சரிவுல எறங்குனியே, எப்படி நிறுத்துன?"

"நான் எங்க நிறுத்துனேன்?" என்றாள் அண்ணி. "எதுத்தாப்புல இருந்த மேட்டுல ஏத்தி விட்டேன். அதுவா நின்னுச்சு."

அண்ணன் கையை நீட்டினான். அண்ணி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தம்பி கொட்டகையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனான்.