அம்மாக்கண்ணு சொன்ன விலை

நெருக்கடி நிலைக் காலத்தில் சர்க்கார் ஏழைகளின் கடனைத் தள்ளிவிட்டது. ஜவ்வாது மலையே சிரித்தது. அம்மாக்கண்ணு மட்டும் தன் புளியமரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புருஷன் செத்த வருஷம் சந்தவாசல் வியாபாரி கண்ணாயிரத்திடம் கடன் வாங்கியிருந்தாள். அதற்கு ஈடாக அவள் புளியமரங்களில் அவர் வைக்கோல் பிரி கட்டிவிட்டார். வருஷா வருஷம் அவரே உலுக்கி எடுத்து, கிலோ ஒரு ரூபாய் என்று கடனில் கழிப்பார். அது வட்டிக்கே சரியாய்ப் போகும். பிரி கட்டிய மரத்தைச் சொந்தக்காரியே தொடக்கூடாது, கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும் என்பது மலை வழக்கம். சட்டம் மலையேறி வந்த பிறகும் பிரி அவிழவில்லை. பழம் உதிரத் தொடங்கியது. மழை வந்தால் எல்லாம் பாழ். இருப்புக்கொள்ளாமல் இறங்கிப் போய் அவர் கடை வாசலில் நின்றாள்.

"சட்டம் வந்துட்ச்சே. பிரிய அவுத்து உடுங்க மொதலாளி."

"அவுக்கிறேன், அதுக்கு இன்னா? நான் எடுக்கலன்னா உன் புளிய எவன் எடுப்பான்?" என்றார் கண்ணாயிரம்.

சொன்னபடி வந்து அவிழ்த்தார், மகராசன். ஆனால் அவருடைய சொல் அவளுக்கு முன்பே போளூர் மண்டிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் உலுக்கிக் கொண்டுபோன மூட்டையை எங்கே இறக்கினாலும் அதே ஒரு ரூபாய். ஏழை நாடுகள் கடனைத் தள்ளச் சொல்லி, சரக்குக்கு நியாய விலையும் கேட்பதாக டீக்கடை ரேடியோ செய்தி படித்தது. நாடுகளுக்கே அந்தக் கதி என்றால் அம்மாக்கண்ணு எந்த மூலைக்கு? விற்காமல் மலையேறினால் அடுப்பில் பூனை தூங்கும்; மறுபடி கண்ணாயிரத்திடம்தான் கை நீட்ட வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சாக்கை விரித்து, கிலோ இருக்கும் என்று கை மதிப்பில் கூறு கட்டினாள். கண்ணமங்கலம் பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தி குனிந்தாள்.

"கூறு இன்னா வெல?"

அம்மாக்கண்ணுவுக்குப் பிறந்ததிலிருந்து விலையைக் கேட்டுத்தான் பழக்கம், சொன்னதே இல்லை.

"ஒண்ணரை ரூபா," என்றாள். பேராசைப்பட்டது போல் கூசியது.

வந்தவள் பேரம் பேசாமல் இரண்டு கூறை அள்ளிக்கொண்டாள். "கடையில கிலோ நாலு ரூபாங்கறான். இன்னாம்மா, திருட்டுப் புளியா?"

பஸ் போய்விட்டது. அம்மாக்கண்ணு நாலு ரூபாய்க் கணக்கில் போன வருஷங்களை மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். அந்தக் கடனை அவள் மரங்கள் எப்போதோ அடைத்துவிட்டன. அடைந்த கடனைத்தான் சர்க்கார் தள்ளியிருக்கிறது.

அடுத்தவள் வந்து நின்றாள். அவள் வாய் திறக்குமுன், "மூணரை ரூபா," என்றாள் அம்மாக்கண்ணு. "கொறைக்க மாட்டேன்."