பரிமளா மேடம் தராத மருந்து

1997 ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை பல்கூட விளக்காமல் கதவைத் திறந்த பரிமளா, வாசலில் பதினோரு பேர் நிற்பதைப் பார்த்தார்.

"புத்துநோய்க்கு மருந்து குடுக்கிறீங்களாமே, மேடம்?"

வேலூரில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியர் அவர். ஒரு செடியின் சாறு மார்பகப் புற்றுநோய் செல்களைத் தடுக்கிறதா என்று ஆறு வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆரணி வீட்டில் துணி துவைக்கவும் தூங்கவும் அவருக்குக் கிடைத்தது ஞாயிறு மட்டும்தான்.

எல்லாம் அண்ணன் குமரேசனின் வேலை. பட்டு வியாபாரியான அவருக்குத் தங்கையின் பெருமையைப் பேசாமல் சாப்பாடு இறங்காது. இந்த முறை அகப்பட்டவர் ஒரு நிருபர். 'ஆரணிப் பெண் கண்டுபிடித்த புற்றுநோய் மருந்து' என்று பேப்பரில் படத்தோடு வந்துவிட்டது.

"இன்னாண்ணே இது? கண்ணாடித் தட்டுல வளர்த்த செல்லுல சோதிச்சிகினு இருக்கேன். எலிக்குக்கூட இன்னும் குடுக்கல."

"எப்படியும் கண்டுபுடிக்கத்தானே போற? கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன்."

தெள்ளாரிலிருந்து வந்தார்கள், கலசப்பாக்கத்திலிருந்து வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தட்டு, செல், எலி என்று முதலிலிருந்து விளக்கினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ எத்தினி வேளை சாப்பிடணும்?" என்பார்கள். செடியின் பெயரை அவர் சொல்லாததால் ஊர் தானே ஊகித்தது. ஆற்றோரத்து நொச்சிகள் மொட்டையாயின. ஒரு கடைக்காரர் பச்சைப் பொடி டப்பாவில் பரிமளாவின் படத்தையே ஒட்டியிருந்தார். பரிமளா போய்க் கிழித்தெறிந்தார். "விளம்பரம்தானே மேடம், கோச்சிக்காதீங்க" என்றார் கடைக்காரர்.

ஐப்பசியில் கெங்கம்மாள் வந்தார். அரிசி ஆலையில் நெல் காயவைப்பவர். மார்பில் எட்டு மாதமாகக் கட்டி. உள்ளூர் டாக்டர் வேலூருக்குப் போகச் சொல்லியிருந்தார், போகவில்லை.

"உங்க மருந்துக்குத்தாம்மா காத்துகினு இருக்கேன்."

"பேப்பர்ல வந்தே மூணு மாசம்தான் ஆச்சு!"

"அதுக்கு முன்னாடி பயந்துகினு இருந்தேன்."

பரிமளாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மருந்து இல்ல! இல்லவே இல்ல! வேற எந்த பாஷையில சொல்றது?"

மழை நிற்கக் காத்திருப்பவர் போல அவர் கத்தி முடிக்கும்வரை நின்றார் கெங்கம்மாள். "சரிம்மா. எப்ப வரட்டும்?"

பரிமளா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "கட்டியில ஊசி போட்டு எடுத்த ரிப்போர்ட் இல்லாம இனி யார்கிட்டயும் பேசமாட்டேன். நாளைக்குக் காலையில ஆறு மணி பஸ்ஸுக்கு வந்துடுங்க" என்றார். ரிப்போர்ட் வந்தால் மருந்து கிடைக்கும் என்றே கெங்கம்மாள் எடுத்துக்கொள்வார் எனத் தெரிந்தேதான் சொன்னார்.

மறுநாள் வகுப்பை விட்டுவிட்டு வேலூர் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க உடன் உட்கார்ந்திருந்தார். புற்றுநோய்தான். அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாள் மனம் கேட்காமல் உண்மையைச் சொன்னார்: "இங்க குடுக்கிறது எதுவும் என் மருந்து இல்ல. என்கிட்ட மருந்தே இல்ல."

"ஏமாத்திட்டீங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார் கெங்கம்மாள். ஆனால் எழுந்து போகவில்லை. அறுத்தார்கள். ஐந்து வருடம் மாத்திரை விழுங்கினார், பிழைத்தார். பரிமளாவிடம் மட்டும் பேசுவதில்லை; தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். பரிமளா அதைப் பொருட்படுத்தாததுபோல் நடந்தாலும் உள்ளுக்குள் அரித்தது. வாசலுக்கு வந்த மற்றவர்களையும் ரிப்போர்ட் கேட்டே ஆஸ்பத்திரிக்குத் துரத்திக்கொண்டிருந்தார்.

2003இல் எலிகளுக்குச் சாறு கொடுத்தபோது ஈரல் கெட்டது. பன்னிரண்டு வருட வேலை. பரிமளா இரண்டு நாள் ஆய்வகப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அதைக் கட்டுரையாக எழுத உட்கார்ந்தார்.

"தோத்துப்போனதப் போய் எழுதணுமா?" என்றார் குமரேசன்.

"எழுதலன்னா வேற ஒருத்தர் இதே பன்னெண்டு வருஷத்த தொலைப்பாங்கண்ணே. பேஜார் பண்ணாம போ."

இதைப் பற்றி எந்தப் பேப்பரிலும் வரவில்லை. அதனால் ஆட்கள் வருவதும் நிற்கவில்லை.

மறு வருடம் கெங்கம்மாளே வந்தார். தங்கை மகள் எழிலரசியைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்.

"இவளுக்கும் கட்டி. உங்க மருந்த நம்பி உக்காந்துகினு இருக்கா. நான் சொன்னா கேக்கல. நீங்க திட்டுங்கம்மா, உங்களுக்குத்தான் நல்லா வரும்."

பரிமளா திட்டினார். ஏழு வருடத்துக்கும் சேர்த்துத் திட்டினார். எழிலரசி அழுதாள், பிறகு சம்மதித்தாள். மறுநாள் பரிமளாவுக்குக் கல்லூரியில் தேர்வு வேலை என்பதால் கெங்கம்மாளே அவளை அழைத்துப்போனார். சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று புதன்கிழமை ரிப்போர்ட் வந்தது.

ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த பரிமளாவுக்கு அதைச் சனிக்கிழமை வரை யாரும் சொல்லவில்லை.