சாக்கில் ஏற்றிய வாசம்

கண்ணாடிக் குழாயின் வாயில் மூக்கை வைத்தவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மலைக்காட்டு மரக்கட்டையில் விளைந்த மருந்துக் காளான் என்று அண்ணன் கொண்டுவந்து கொடுத்த மூட்டை. ஈரப் பட்டையும் மண்ணும் கலந்த மலை வாசம் கும்மென்று வந்தது. கொஞ்சம் அதிகமாகவே வந்தது, குளிக்காதவன் அப்பிக்கொண்ட பவுடர் மாதிரி.

வாசனைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்தக் குழாய் வழியே அனுப்புவது இயந்திரத்தின் வேலை. எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்வது அவள் வேலை. அதற்காகப் பூ, வாசனை சோப்பு, காப்பி எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டவள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மோப்பக்காரி என்றே பெயர்.

ஒரு காளானை உடைத்து, உள்சதையை மட்டும் சுரண்டி மறுபடி இயந்திரத்தில் செலுத்தினாள். இப்போது குழாயில் வந்தது புளித்த மரத்தூள் வாசம். சமவெளிக் கொட்டகைகளில், மரத்தூள் பையில் வளர்கிற சரக்கு! அண்ணன் அதை வாங்கி, மலைக்காளான் கிடந்த பழைய சாக்குகளில் போட்டுவைத்து வாசம் ஏற்றியிருக்கிறார். ஊரை ஏமாற்றியது ஒரு பக்கம் இருக்கட்டும். சோதிக்கப்போவது தங்கச்சிதானே என்கிற தைரியம் இருக்கிறதே, அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. உடைத்த பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனாள்.

அண்ணன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார்.

"முடிஞ்சுதா பாப்பா?"

"சாக்குல எத்தனை வாரம் போட்டு வச்சே?"

அவர் முகம் செத்துப்போனது. "மழையில கட்டையெல்லாம் அழுகிப்போச்சு. இந்த ஒரு தடவை கண்டுக்காம விட்டுடு. நீ வேணாம்னு எழுதிட்டா அப்புறம் எவனும் என்கிட்ட சரக்கு எடுக்கமாட்டான்."

"அழுகிப்போச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியல? சீக்காளிங்க நம்பிக் குடிக்கிறாங்கண்ணா! எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா, இல்ல தெரிஞ்சாலும் வாயை மூடிக்குவேன்னு நெனச்சியா?"

அண்ணன் தரையைப் பார்த்தார். இரண்டாவதைத்தான் நினைத்திருக்கிறார். அவள் உடைத்த பாதியை நீட்டினாள்.

"இந்தா. நீயே மோந்து பாரு. இது மலைச் சரக்குன்னு உன் வாயால சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அவர் வாங்கி, தோல் பக்கமாக மூக்கருகே கொண்டுபோனார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, உடைந்த பக்கத்தைத் திருப்பி வைத்தாள். கையை விடவில்லை.

அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.