ஆறாவது ராடு

மருதாசல முதலாளி ஒர்க்‌ஷாப்புக்குள்ள வரும்போதே நெத்தி நெறையத் திருநீறு. பார்த்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. செலவைக் குறைக்கோணும்னாத்தான் அந்தாளுக்குக் கோயில் ஞாபகமே வரும்.

"திருமூர்த்தி, முருகங்கிட்டப் பூக் கேட்டுட்டேன். வெள்ளைப் பூ வந்துருச்சு, உத்தரவு குடுத்துட்டான். அந்த ராடையே மாட்டீரு."

எந்த ராடுன்னு கேக்கறீங்களா? பனியன் மூட்டை ஏத்திட்டு மைசூர் போற அவரு லாரிக்கு ஆறு சிலிண்டர் இஞ்சின். ஆறு பிஸ்டனுக்கும் ஆறு கனெக்டிங் ராடு. அதுல ஒண்ணு வளைஞ்சு போச்சு. கோயமுத்தூர்ல செட்டாத்தான் தருவாங்க, ஆறையும் புதுசா வாங்கிருங்கன்னேன். இவரு என்ன பண்ணுனாருங்கறீங்க? அவிநாசிபாளையத்துல கவுந்து கெடந்த லாரியில ஒண்ணைக் கழட்டி, கொல்லம்பட்டறையில தட்டி நிமித்திக் கொண்டாந்துட்டாரு. கருமம்!

பக்கத்துக் கம்பெனி நூல் தராசை வாங்கியாந்து, அவரு கண்ணு முன்னாலயே வெச்சுக் காட்டுனேன். மத்த அஞ்சும் ஒரே எடை. இதை வெச்சா மட்டும் தட்டுத் தொங்குது. போதாக்குறைக்கு நடுவுல மயிரிழையாட்டம் ஒரு விரிசல். திம்பம் மலை ஏத்தத்துல இது உடைஞ்சா இஞ்சின் நிக்கும், அத்தனை லோடோட லாரி பின்னால உருளும். ஸ்டேரிங் புடிக்கறவன், அங்கயே டயர் மேல உக்காந்திருந்த கிட்டுசாமி. எந்தங்கச்சி ரங்காத்தாளோட புருசன். அவளுக்கு இது ஏழாம் மாசம்.

"முருகங்கிட்ட என்னன்னுங்க கேட்டீங்க?"

"லாரி ஓடுமான்னு கேட்டேன்."

"ஓடுமுங்க. எதுவரைக்கும் ஓடும்னு கேட்டீங்களா?"

"சாமி உத்தரவையே எதுத்துப் பேசறயா? நீ மாட்டாட்டி வேற ஆளு மாட்டுவான். கிட்டுசாமி நாளைக்கு வண்டி எடுத்தே ஆகோணும்."

அடப்பாவி! அடிச்சுருவனோன்னு பயந்துதான் ஸ்பேனரைக் கீழ போட்டேன். வெளிய போயி, வேலியோரம் ரெண்டு பூவைக் கிள்ளி, ரெண்டையும் தனித்தனியா இலையில மடிச்சுக் கொண்டாந்து இஞ்சின் மேல வெச்சேன்.

"செரிங்க. நானே மாட்டறேன். இன்னொருக்காப் பூக் கேட்டுருங்க. நாளைக்கு நீங்களும் கிட்டுசாமிகூட முன்சீட்டுல உக்காந்து திம்பம் ஏறலாமான்னு கேளுங்க. வெள்ளை வந்தா ஏறோணும், செவப்பு வந்தா வேண்டாம். எடுங்க சாமி!"

முதலாளி கையை நீட்டுனாரு. ஒரு பொட்டலத்துக்கிட்டப் போச்சு, இன்னொண்ணுக்குப் போச்சு. நெத்தித் திருநீறெல்லாம் வேர்வையில கரைஞ்சு வழிஞ்சுது. கடைசியில கையை இழுத்துக்கிட்டு எம்மூஞ்சியவே பார்க்காமச் சொன்னாரு.

"கோயமுத்தூருக்கு ஆளனுப்பு. புது செட்டே வாங்கியாரட்டும்."

வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு விறுவிறுன்னு போயிட்டாரு. கிட்டுசாமி அந்தப் பொட்டலம் ரெண்டையும் எடுத்துப் பிரிச்சான். ரெண்டுலயும் வெள்ளை நந்தியாவட்டை.

"ஏனுங்க மச்சான், ரெண்டும் வெள்ளையாவா வெச்சீங்க?"

"ஆமாம் மாப்பிள்ளை. எதைத் தொட்டிருந்தாலும் முருகன் போகச் சொல்லித்தான் இருப்பான். உன்னைய அனுப்பறதுக்கு மட்டும் அந்தாளுக்குச் சாமி மேல நம்பிக்கை இருந்துச்சு."

கிட்டுசாமி அந்த ராடை எடுத்துட்டுப் போயிக் கெணத்துக்குள்ள வீசிட்டு வந்தான்.