படிக்க வேண்டியவை

சவப்பெட்டிக்குள் வைக்க இன்பம் அத்தை பைபிளை எடுத்தபோது அதிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு நழுவி விழுந்தது. செத்துப்போன ஜெயகரனின் குண்டு குண்டான எழுத்து: 'படிக்க வேண்டியவை – 131, 78, 57.'

"பாத்தீங்களா ஐயா, எங்கண்ணன் தன் அடக்கத்துக்குப் பாட்டு நம்பர்கூட எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. இதையே படிச்சிடலாம்."

போதகர் பாட்டுப் புஸ்தகத்தைப் புரட்டினார்.

நாலு நாளாக வீட்டைத் தலைகீழாகப் புரட்டி மகள் பொன்மலர் தேடிய சீட்டு அதுதான். மிஷன் ஸ்கூல் லைப்ரரியில் வேலை பார்த்தவர் அப்பா. ஆப்பிரிக்காக்காரர்கள் எழுதிய கதையென்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. "அந்த ஊர் மாமியாளும் ஆம்பூர் மாமியாளும் அக்கா தங்கச்சிம்மா" என்பார். ஷூ கம்பெனியில் டைப் அடிக்கும் மகளோ ஒன்றையும் தொட்டதில்லை. போன மாசம்தான், போகட்டுமென்று, "மொதல்ல எதப்பா படிக்கணும்?" என்று கேட்டாள். மனுஷனுக்கு அப்படியொரு சந்தோஷம். "எழுதி வைக்கிறேன்" என்றார். பத்தாம் நாள் லைப்ரரியிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஆஸ்பத்திரியில் மூணு நாள் கிடந்தும் வாய் திறக்கவில்லை.

அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் போதகர் பாட்டைத் தொடங்கிவிட்டார். 131 அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைப் பாட்டு. 78 குழந்தைகள் பாட்டு. 57 வந்ததும் ஆளுக்கு ஆள் முகம் பார்த்துக்கொண்டார்கள். அது கல்யாணப் பாட்டு. ஆனால் செத்தவர் எழுதி வைத்ததாயிற்றே, தொண்டை கிழியப் பாடினார்கள். அப்பா இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். நினைத்ததும் பொன்மலருக்கு அழுகை பொங்கியது. அழுதுகொண்டே கடைசி வரி வரைக்கும் பாடினாள்.

அத்தை சீட்டை மடித்து பைபிளுக்குள் செருகி, அண்ணன் நெஞ்சின்மேல் வைத்தாள். மூடியைத் தூக்கினார்கள்.

"இருங்க." பொன்மலர் கையை விட்டுச் சீட்டை எடுத்தாள்.

"இன்னாடி பண்ற? கடைசியா எழுதினது, அவரோடவே போவட்டும்."

"இது பாட்டு நம்பர் இல்ல, அத்த. லைப்ரரி நம்பர். எனக்கு எழுதினது."

"அப்போ கல்யாணப் பாட்டு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

திங்கட்கிழமை லீவு போட்டு லைப்ரரிக்குப் போனாள். 131 நைஜீரியாக் கதை. முதல் பக்கத்திலிருந்தே கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தைகளின் தலைமேல் பென்சிலால் தமிழ் அர்த்தம், அதே குண்டு குண்டான எழுத்தில். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வார்த்தைக்கு அடியில் கோடு மட்டும் போட்டிருந்தது. அதற்குப் பிறகு பென்சில் எழுத்தே இல்லை.

பொன்மலர் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்துவந்து, பென்சிலைச் சீவிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.